கொல்லையில் கொல்லாமை
காய்கறியும் மூலிகையும் கூடி வளர்ந்த வரலாறு

கற்பக மரங்கள் வளம் குன்றிய காலத்தில் பசியால் வருந்திய மக்கள் நாபி மன்னரிடம் முறையிட்டனர். அவரோ தம் திருமகனார் விருஷபதேவரிடம் அவர்களை ஆற்றுப்படுத்தினார். 9ஆம் நூற்றாண்டில் ஜினசேனாசாரியர் இயற்றிய ஆதிபுராணம் கூறும் வரலாறு இது. தமிழ்ச் சமணர் இல்லங்களில் போற்றி ஓதப்படும் ஸ்ரீபுராணமும் ஆதிபகவனின் சரிதத்தை மணிப்பிரவாள நடையில் விரித்துரைக்கின்றது. அன்று பகவான் மக்களுக்குக் கற்பித்த தொழில்கள் ஆறு: அசி என்னும் படைத்தொழில், மசி என்னும் எழுத்துத்தொழில், கிருஷி என்னும் உழவு, வித்தை, வாணிகம், சிற்பம். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நெறியின் முதல் தீர்த்தங்கரரே மண்ணைப் பிளக்கும் கலப்பையையும் மக்கள் கையில் தந்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

வட இந்தியச் சமணருட் பெரும்பாலோர் வாணிகத்தை மேற்கொள்ள, தமிழ்ச் சமணரோ வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக உழவராகவே வாழ்ந்தனர். எனவே, உழுதுண்டு வாழும் இல்லறத்தான் உயிர்க்கொலையை எவ்வாறு குறைப்பது என்னும் வினா அவர்களுக்கு ஏட்டோடு நிற்கவில்லை. ஒவ்வொரு பட்டத்திலும், ஒவ்வொரு பாத்தியிலும் அது எதிர்நின்றது. அவ்வினாவுக்குக் கிடைத்த எளிய விடைகளுள் ஒன்று, காய்கறிகளினூடே மணமுள்ள செடிகளைக் கலந்து நடும் வழக்கம்.

நான்கு இம்சைகளும் ஒரு கத்தரிக்காயும்

பிற்காலச் சமண ஆசிரியர்கள் இம்சையை நான்காக வகுத்தனர். கொல்ல வேண்டுமென்றே எண்ணிச் செய்வது சங்கல்ப இம்சை. சமைத்தல், பெருக்குதல் முதலிய இல்லப் பணிகளில் நேர்வது ஆரம்ப இம்சை. உழவு முதலிய தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை. தற்காப்பில் நேர்வது விரோத இம்சை. துறவியர் நான்கையும் துறத்தல் வேண்டும். இல்லறத்தார் முதலாவதை முற்றும் விலக்கி, ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைத்தல் வேண்டும். ஏர் முனையில் மண்புழு அறியாமல் அறுபடுவது உத்தியோக இம்சை. பூச்சி சாகவேண்டும் என்று கருதி நஞ்சைத் தெளிப்பதை எவ்வகையில் சேர்ப்பது? பயிரைக் காப்பதே நோக்கம் எனினும், கொல்லும் எண்ணம் அங்கே முன்னிற்கின்றது.

நஞ்சினிடத்துச் சமண அறநூல்கள் காட்டும் அச்சம் பழமையானது. சிராவகர் விலக்கத்தக்க பதினைந்து தொழில்களை எண்ணும் நூல்கள் நச்சுப்பொருள் வாணிகத்தையும் அவற்றுள் ஒன்றாக வைக்கின்றன. பயனின்றிச் செய்யும் தீங்குகளாகிய அனர்த்ததண்டங்களுள் ‘இம்சாதானம்’ என ஒன்று உண்டு. நஞ்சு, ஆயுதம், தீ போன்ற கொலைக்குரிய பொருள்களைப் பிறருக்கு வழங்குதலே அது.

மறுபுறம், பூச்சியை அறவே கண்டுகொள்ளாது விடுதலும் சமண அடுக்களைக்கு எளிதன்று. கத்தரியின் தண்டையும் காயையும் துளைக்கும் புழு, முட்டையிலிருந்து வெளிவந்த சிறிது நேரத்துக்குள்ளேயே உள்ளே புகுந்துவிடும். வெளித்தோற்றத்தில் பழுதில்லாத காயை அரிவாள்மனையில் அரிந்தால் உள்ளிருக்கும் உயிரும் அரிபடும். ஐந்து அத்தியினப் பழங்களை விலக்கியதும், கதிரவன் மறையுமுன் உண்டதும், தேனை ஒதுக்கியதும் இத்தகைய சிற்றுயிர்களைக் கருதியே. பிற இல்லங்களில் புழுக்கத்தரி ஓர் இழப்பு மட்டுமே. நோன்பு ஏற்ற இல்லத்தில் அது ஒரு பிழையும் ஆகும். நஞ்சு தெளித்தால் தோட்டத்தில் கொலை. தெளிக்காவிடில் அடுக்களையில் கொலை. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி தேவைப்பட்டது.

மூன்றாம் அறிவும் நான்காம் அறிவும்

உயிர்களை அறிவின் அடிப்படையில் வரிசைப்படுத்தும் முறை தமிழுக்கும் சமணத்துக்கும் பொதுவானது. தொல்காப்பிய மரபியல், புல்லும் மரமும் ஓரறிவின எனத் தொடங்கி, சிதலையும் எறும்பையும் மூவறிவில் வைத்து, தும்பியை நாலறிவில் சேர்க்கின்றது. உமாசுவாமி ஆசாரியரின் தத்துவார்த்த சூத்திரம் புழு, எறும்பு, வண்டு, மனிதன் என எடுத்துக்காட்டுத் தந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறி கூடுவதை விளக்குகின்றது. தொடுதல், சுவைத்தல், மோத்தல், காண்டல், கேட்டல் என்பது இரு மரபுக்கும் ஒத்த வரிசை.

இவ்வரிசையில் மூன்றாவது மூக்கு, நான்காவது கண். வண்டும் ஈயும் விட்டிலும் இவ்விரண்டையும் பெற்ற உயிர்கள். எந்தச் செடியில் முட்டையிடுவது, எந்த இலையை உண்பது என்பதை அவை மணத்தாலும் தோற்றத்தாலும் தேர்கின்றன. அப்படியாயின், அவ்வுயிரை அழிக்காமல் அதன் தேர்வை மட்டும் மாற்றலாம் அன்றோ? மூலிகைகளைக் காய்கறியோடு கலந்து வளர்ப்பதன் உட்கருத்து இதுவே.

படப்பை முதல் மணிலாக் கொல்லை வரை

வீட்டை ஒட்டிய தோட்டத்தைச் சங்கத் தமிழ் ‘படப்பை’ என்றது. இன்றைய வழக்கில் அது கொல்லை, புழைக்கடை. தினை கொய்த தாளில் அவரைக்கொடி படர்ந்து பூக்கும் காட்சி குறிஞ்சிப் பாடல்களில் மீண்டும் மீண்டும் வருகின்றது. ஒரு பயிர் மற்றொன்றுக்குக் கொழுகொம்பாகும் இக்கலப்பு முறை, தமிழ் மண்ணில் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது எனலாம்.

மூலிகைகள் ஒன்றோடொன்று கூடும்போது தனித்தனியே இல்லாத பயன் தோன்றும் என்னும் எண்ணத்தைத் தமிழ்ச் சமணப் புலவர்கள் தம் நூற்பெயர்களிலேயே பொறித்து வைத்தனர். மாக்காயனாரின் மாணாக்கராகிய காரியாசான் இயற்றியது சிறுபஞ்சமூலம். கண்டங்கத்தரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி என்னும் ஐந்தின் வேர்கள் கூடிய மருந்தின் பெயர் அது. அவருடன் பயின்ற கணிமேதாவியார் இயற்றியது ஏலாதி. ஏலம் முதலான ஆறு பொருள் கூடிய மருந்தின் பெயர். உடல் நோய்க்கு மருந்துகள் கூடுவதுபோல, உள நோய்க்கு அறங்கள் கூடவேண்டும் என்பது அவர்தம் கருத்து. செடிகளின் கூட்டுறவை அறியாத சமுதாயத்தில் இத்தகைய பெயர்கள் தோன்றியிருத்தல் அரிது.

இன்று கொல்லையில் காணும் செடிகள் அனைத்தும் அப்பழங்காலத்தன அல்ல. மிளகாய், தக்காளி, செண்டுமல்லி ஆகிய மூன்றும் அமெரிக்கக் கண்டத்தைப் பூர்வீகமாகக் கொண்டவை. ஐரோப்பியர் வருகைக்குப் பின்னரே இந்நாட்டுக்கு வந்தவை. செண்டுமல்லிக்குத் துலுக்கச் சாமந்தி என வழங்கும் பெயரே அது வந்தேறிய பூ என்பதைக் காட்டும். மணிலாக்கொட்டை எனப்படும் நிலக்கடலையும் அவ்வாறு வந்ததே. வந்த பயிர்களைத் தமிழுழவர் பழைய கலப்பு முறைக்குள் அமைத்துக்கொண்டனர். திண்டிவனம் பகுதி மணிலாக் கொல்லைகளில் வரப்போரம் ஆமணக்கும், இடையிடையே தட்டைப்பயறும் துவரையும் நிற்பது அவ்வகையது. புரோட்டீனியாப் புழுவின் தாய்ப்பூச்சி அகன்ற ஆமணக்கிலையை விரும்பி, அங்கே முட்டைகளைக் குவியலாக இடும். கடலைச் செடியின் சுமை குறையும். பூச்சி வந்ததை உழவனுக்கு முதலில் அறிவிப்பதும் அந்த ஆமணக்கே.

ஆங்கிலேயர் கண்ட உழவு

1889ஆம் ஆண்டு இந்திய வேளாண்மையைச் சீர்திருத்தும் வழியை ஆராய்வதற்காக ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்னும் வேதியியலறிஞரைப் பிரிட்டிஷ் அரசு இங்கே அனுப்பியது. 1893இல் வெளிவந்த அவருடைய அறிக்கை, இந்திய உழவர்தம் கலப்புப் பயிர் முறையையும் பயிர்ச் சுழற்சியையும் மதித்துப் பேசியது. 1905இல் பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்த ஆல்பர்ட் ஹோவர்டு இன்னும் ஒருபடி மேலே சென்றார். உழவர்களையும் பயிரைத் தாக்கும் பூச்சிகளையுமே தம் ஆசிரியர்களாகக் கொண்டார். பூச்சி வந்தால் பயிரிலோ மண்ணிலோ குறை உள்ளது என்பதே அதன் பொருள் என்றார். 1940இல் வெளிவந்த அவருடைய ‘வேளாண் மரணசாசனம்’ என்னும் நூல் மேலைநாட்டு இயற்கை வேளாண்மைக்கு வித்தாயிற்று. பூச்சியைப் பகையாக எண்ணாமல் அறிவுறுத்தும் உயிராக எண்ணிய அந்தப் பார்வை, சமண உள்ளத்துக்கு அயலானதன்று.

அதே பூசா நிலையத்தில் பணியாற்றிய ஹாவ்லெட் என்னும் பூச்சியியலறிஞர், எலுமிச்சைப்புல் இனத்து எண்ணெயாகிய சிட்ரொனெல்லாவின் மணத்துக்குப் பழ ஈக்கள் திரண்டு வருவதை 1912இல் எழுதினார். மெத்தில் யூஜினால் என்னும் பொருள் பழ ஈக்களின் ஆண் இனத்தை வலிந்து ஈர்ப்பதை 1915இல் வெளியிட்டார். துளசியிலும் அப்பொருள் உண்டு. நறுமணச் செடி எல்லாப் பூச்சியையும் விரட்டும் என்னும் பொது நம்பிக்கைக்கு இது ஒரு திருத்தம். ஒரே மணம் ஒன்றை விலக்கும், மற்றொன்றை அழைக்கும்.

நஞ்சின் காலமும் திரும்பிய பாதையும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் செயற்கை நஞ்சுகள் பரவின. 1960களில் உயர்விளைச்சல் விதைகளோடு அவை சிற்றூர்களுக்கும் வந்தன. கத்தரித் தோட்டங்களில் தெளிப்பு மிகுந்தது. காய்க்குள் ஒளிந்த புழுவைத் தெளித்த நஞ்சு எட்டாது. ஆகவே மேலும் மேலும் தெளித்தனர். இச்சிக்கலுக்கு விடையாக முன்வைக்கப்பட்ட மரபணு மாற்றிய கத்தரியை 2010 பிப்ரவரியில் நடுவண் அரசு நிறுத்தி வைத்தது. எண்டோசல்பான் என்னும் நஞ்சுக்கு 2011இல் உச்சநீதிமன்றம் தடை விதித்தது.

இதற்கிடையே, பெங்களூரு அருகே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் பழைய கலப்பு முறையை அளந்து ஆராய்ந்தனர். முட்டைக்கோசு 25 வரிசைக்கு ஒருமுறை கடுகை இடையில் விதைக்கும் முறையை 1990களின் தொடக்கத்தில் வெளியிட்டனர். கோசு நடுவதற்கு 15 நாள் முன்னர் ஒரு கடுகு வரிசை. நட்ட 25 நாளுக்குப் பின் மற்றொன்று. வைரமுதுகுப் பூச்சி கோசை விட்டுக் கடுகை நாடியது. அவ்வாறே தக்காளி 16 வரிசைக்கு ஒரு வரிசை செண்டுமல்லி என வகுத்தனர். 40 நாள் வயதுடைய செண்டுமல்லி நாற்றையும் 25 நாள் வயதுடைய தக்காளி நாற்றையும் ஒரே நாளில் நட்டால் இரண்டும் ஒருசேரப் பூக்கும்; காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி மஞ்சட் பூவைத் தேடிச் செல்லும். கத்தரியோடு கொத்தமல்லியை ஊடுபயிராக்கியபோது துளைப்பானின் தாக்குதல் குறைந்ததை இந்தியாவிலும் வங்கதேசத்திலும் நிகழ்ந்த சோதனைகள் காட்டின.

கொத்தமல்லி, சோம்பு, சதகுப்பை ஆகியவற்றின் குடைபோன்ற பூங்கொத்துகளில் தேன் ஆழத்தில் இராது. குறுகிய வாயுடைய பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, சிறு குளவி முதலியவை எளிதில் உண்ணும். அவை தோட்டத்தில் தங்கும்போது அசுவினிப் பெருக்கம் மட்டுப்படுகின்றது.

மணமா, பசுமையா?

மூலிகையின் மணமே பயிரைக் காக்கின்றது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. இங்கிலாந்தின் வெல்ஸ்போர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்டான் ஃபின்ச், ரோஸ்மேரி காலியர் ஆகிய இருவரும் இந்நம்பிக்கையைச் சோதித்தனர். அவர்கள் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட விளக்கம் வருமாறு: கோசு வேர் ஈ, பயிரின் மணத்தால் தோட்டத்தை அடையும், அடைந்தபின் கண்ணில்படும் எந்தப் பச்சை இலையிலும் இறங்கும், வெறும் மண்ணில் இறங்குவதைத் தவிர்க்கும். களையற்ற வெறுமண்ணில் கோசு தனித்து நின்றால், இறங்கும் ஒவ்வொரு முறையும் கோசிலேயே இறங்கும். இடையே வேறு பசுஞ்செடி நின்றால் பலமுறை தவறான இலையில் இறங்கி, முட்டையிடாமலே அகன்றுவிடும். 2003இல் வெளிவந்த அவர்களுடைய சோதனையில் மணமுள்ள செடிகள் மணமற்ற செடிகளைவிடச் சிறந்த காவல் தரவில்லை. செடிக்குப் பதிலாகப் பச்சை அட்டையை நட்டாலும் ஈ குழம்பியது.

அவ்வீயைப் பொறுத்தவரை காவல் செய்தது மூன்றாம் அறிவைத் தொடும் மணம் அன்று. நான்காம் அறிவைத் தொடும் பசுமை. ஈக்கு ஈ, பூச்சிக்குப் பூச்சி இது வேறுபடலாம். செண்டுமல்லியும் கடுகும் காட்டும் ஈர்ப்பு உண்மையானதே. ஆயினும் இல்லத்தோட்டத்துக்கு இதிலிருந்து ஒரு தெளிவு கிடைக்கின்றது. பாத்தியைச் சுரண்டிச் சுரண்டி வெறுமண்ணாக வைப்பது, பயிரைப் பூச்சிக்கு விளக்கேற்றிக் காட்டுவதற்கு ஒப்பாகும். மண் மூடிய பாத்தியில் களைகொத்தும் குறைவு. மண்ணிலுள்ள ஈரறிவு உயிர்களுக்கு ஊறும் குறைவு.

எதனை ஏற்பது, எதனை விலக்குவது?

கூட்டுப்பயிர் என்ற பெயரால் வழங்குவன எல்லாம் கொல்லாமைக்கு இசைந்தன அல்ல. அவற்றை நான்காகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது மறைத்தல். கத்தரிக்கு இடையே கொத்தமல்லியும் வெந்தயமும் அடர்ந்து பயிரை மறைப்பது. இதில் எவ்வுயிரும் சாவதில்லை. பூச்சி வேறிடம் செல்கின்றது. இது தயங்காது ஏற்கத்தக்கது.

இரண்டாவது திசைதிருப்புதல். கடுகும் ஆமணக்கும் செண்டுமல்லியும் பூச்சியைத் தம்பால் அழைப்பது. வேளாண் துறையினர் அங்கே திரண்ட பூச்சியை நஞ்சிட்டு அழிக்கச் சொல்வர்; அழைத்துக் கொல்வது சங்கல்ப இம்சையாகிவிடும். அவ்வரிசையைப் பூச்சிக்குரிய பங்காகவே விட்டுவிடும் இல்லறத்தான் அதனினின்று நீங்குவான். ஆனால் அங்கே பெருகிய பூச்சி அடுத்த பட்டத்தில் திரும்பவும் கூடும் என்பதை அவன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது இரைகொல்லிகளுக்கு இடமளித்தல். பூவை வளர்த்தவன் பூவுக்கு நீர் வார்த்தான். அங்கு வந்த பொறிவண்டு தன் இயல்பால் இரை தேடிற்று. ஆயினும் தானே செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்றையும் ஒப்ப எண்ணும் நெறியில் இது நுண்ணியதொரு வினா. இயல்பாக மலரும் பூவுக்கும், ஒட்டுண்ணிக் குளவியின் முட்டை அட்டைகளை விலைக்கு வாங்கிக் கட்டுவதற்கும் இடையே எண்ணத்தில் வேறுபாடு உண்டு. முன்னது வாழவிடுதல், பின்னது ஏவுதல்.

நான்காவது வேர்வழிக் கொல்லல். செண்டுமல்லி வேரில் ஆல்பா டெர்தைனைல் என்னும் பொருள் உள்ளது. மண்ணிலுள்ள நூற்புழுக்களை அது கொல்லும் என்பதை 1958இல் நெதர்லாந்து அறிஞர்கள் கண்டறிந்தனர். பூவுக்காக நட்ட செடியில் அது நேர்வது வேறு. நூற்புழுவைக் கொல்வதற்கென்றே நிலம் முழுதும் அதனை நடுவது வேறு. ஜினாலயத்துக்கு மாலை தொடுக்கும் அதே பூச்செடியின் வேரில் இவ்வினா ஒளிந்திருப்பது உயிர்வாழ்க்கையின் சிக்கலைக் காட்டுகின்றது.

பிறநாட்டு நூல்கள் காவற்செடியாக முதலில் சொல்பவை வெங்காயமும் பூண்டும். ஓருடலில் எண்ணிறந்த உயிர்கள் உறையும் கந்தமூலங்களை விலக்கிய இல்லங்களுக்கு அவை ஆகா. அவற்றின் இடத்தை நிரப்பத் தமிழ்க் கொல்லையில் செடிகளுக்குப் பஞ்சமில்லை. கத்தரிப் பாத்தியின் நடுவே கொத்தமல்லி, வெண்டைக்கு அருகே தட்டைப்பயறு, தக்காளி வரிசைக்கு முன்னே செண்டுமல்லி, மூலையில் ஓர் ஆமணக்கு, கிணற்றடியில் துளசியும் ஓமவல்லியும், வேலியில் அவரை. கொத்தமல்லியைக் கீரைக்காக முழுதும் பறித்துவிடாமல் சிலவற்றைப் பூக்க விடுதல் நன்று. சென்னை முதலிய நகரங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களும் மாடியில் ஒரே தொட்டியில் கத்தரியையும் மல்லியையும் சேர்த்து இதனைச் செய்யலாம்.

இவ்வளவும் செய்த பின்னும் சில காய்களில் புழு இருக்கவே செய்யும். மூலிகைகள் தாக்குதலைக் குறைக்கும், ஒழிக்கமாட்டா. விளைந்தது முழுதும் தனக்கே வேண்டும் என்று எண்ணுகின்ற வரையில் மருந்துக்கடையின் கதவு திறந்தே இருக்கும். பத்தில் ஒன்று போனாலும் போகட்டும் என்று மனம் அமையும்போதுதான் கைத்தெளிப்பான் கீழே வைக்கப்படுகின்றது. இல்லறத்தாரின் ஐந்து அணுவிரதங்களில் கொல்லாமை முதலாவது. மிகுபொருள் விரும்பாமை ஐந்தாவது. கொல்லையில் நின்று பார்த்தால், ஐந்தாவதைக் காவாதவன் முதலாவதைக் காத்தல் அரிது என்பது விளங்கும். துளையுள்ள காயை வெட்டாமல் செடியின் அடியிலேயே கொண்டுபோய் வைத்த பழைய இல்லத்தரசியர் இதனை எந்த நூலையும் பாராமலே அறிந்திருந்தனர்.